ஃபேமிலி ஆபீஸ்: 'குடும்பம்' என்ற சொல்லின் மீது ஒரு வாசிப்பு

சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கும் என் சித்தப்பா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டான்: "அண்ணே, நாங்க இப்ப பார்ட்டிஷன் அடிக்கிற மாடிக்குப் பேரு ஃபேமிலி ஆபீஸாம். டிராயிங்லயே அப்படித்தான் போட்டிருக்கு. ஊர்லேர்ந்து ஃபேமிலிய கூட்டிக்கிட்டு வரணும்னா இங்கதான் எழுதிக் குடுக்கணுமோ?" அவனுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். மனைவியும் பெண் குழந்தையும் பேராவூரணிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார்கள். நான் சிரித்துவிட்டேன். சிரித்தது தப்பு என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. 'குடும்பம்', 'ஆபீஸ்' என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துப் படிக்கிற ஒரு தொழிலாளிக்கு முதலில் தோன்றக்கூடிய நியாயமான பொருள் அதுதான். நியாயமான அந்தப் பொருள் எப்படித் தப்பான பொருளாக ஆக்கப்பட்டது என்பதைத்தான் நான் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஃபேமிலி ஆபீஸ் என்பது ஒரு பெரும் பணக்காரக் குடும்பம் தன் சொத்தை நிர்வகிப்பதற்காகத் தானே வைத்து நடத்துகிற தனியார் நிறுவனம். பல குடும்பங்களுக்குக் கூலிக்கு வேலை பார்க்கிற வகையும் உண்டு, அதை இங்கே விட்டுவிடுகிறேன். பங்கு வாங்குவது விற்பது, வரிக்கணக்கு, டிரஸ்ட் பத்திரம், உயில், வாரிசுகளுக்குப் பயிற்சி, நன்கொடை, பங்களா, விமானம், விவாகரத்து எல்லாமே ஒரே கூரைக்குக் கீழே நடக்கும். நமக்குப் புதிய சங்கதியில்லை. ஜமீனுக்குக் காரியஸ்தர் இருந்தார், மிராசுக்குக் கணக்குப்பிள்ளை இருந்தார். ஆனால் காரியஸ்தரை ஊருக்குத் தெரியும். குத்தகை நெல்லை அளக்கக் களத்துக்கு வந்து நிற்கிறவர் அவர்தான். மண்ணை வாரித் தூற்றுவதென்றால் அவர் முகத்துக்கு நேரே தூற்றலாம். இந்த நவீன காரியஸ்தருக்குக் களமும் கிடையாது, முகமும் கிடையாது.

எங்கெல்ஸ் 1884இல் குடும்பம், தனிச்சொத்து, அரசு என்கிற மூன்றின் தோற்றத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் அமெரிக்காவில் ஜான் டி. ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் டிரஸ்ட் உருவாகியிருந்தது. எங்கெல்ஸ் கோட்பாடாக இணைத்துக் காட்டியதை ராக்ஃபெல்லர் நியூயார்க்கில் பிராட்வே 26ஆம் எண் கட்டடத்தில் நடைமுறையாகவே இணைத்துவிட்டார். பெரியார், கல்யாணமும் குடும்பமும் சொத்துக்கு வாரிசு தேடுகிற ஏற்பாடு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாம் அதைப் பெண்ணடிமை பற்றிய வாதமாக மட்டும் வாங்கிக்கொண்டோம் (அதையும் எவ்வளவு தூரம் வாங்கினோம் என்பது வேறு கதை). சொத்து பற்றிய வாதமாக அதை இன்னும் படிக்கவில்லை.

ராக்ஃபெல்லர் தன் காரியங்களைப் பார்த்துக்கொள்ள 1891இல் அமர்த்திய பிரெடரிக் கேட்ஸ் ஒரு பாப்டிஸ்ட் பாதிரியார். நன்கொடை கேட்டு மலைபோல் வந்து குவிகிற கடிதங்களைப் பார்ப்பது முதல் வேலை. வெகு சீக்கிரத்தில் முதலீடுகளும் அவர் கைக்கு வந்தன. தர்மம் ஒரு மேசை, லாபம் இன்னொரு மேசை என்று அங்கே கிடையாது. 1902இல் கேட்ஸின் யோசனைப்படி 'கொலராடோ ஃப்யூவல் அண்ட் அயர்ன்' என்கிற நிலக்கரி, இரும்புக் கம்பெனியின் சுமார் 40 விழுக்காடு பங்குகள் வாங்கப்பட்டன. நிர்வாகத்தைக் கவனிக்கப் பின்னால் அனுப்பப்பட்ட பவர்ஸ் என்பவர் கேட்ஸின் உறவினர். காரியஸ்தருக்கும் ஒரு குடும்பம் இருக்குமல்லவா!

1913 செப்டம்பரில் தெற்குக் கொலராடோ சுரங்கத் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். குடியிருந்த வீடுகள் கம்பெனியுடையவை. பெண்டாட்டி பிள்ளைகளோடு வெளியே தள்ளப்பட்டார்கள். சங்கம் கூடாரங்கள் போட்டுக் கொடுத்தது. அந்தக் குளிர்காலம் முழுக்கக் கூடாரத்தில் கழிந்தது. 1914 ஏப்ரல் 6 அன்று, ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் வாஷிங்டனில் ஒரு நாடாளுமன்றத் துணைக்குழு முன்னால் சாட்சி சொன்னார். பத்து வருஷமாகச் சுரங்கப் பக்கம் தான் போனதில்லை என்று ஒத்துக்கொண்டார். போட்ட பணம் எல்லாம் போனாலும், வேலையாட்கள் கொல்லப்பட்டாலும் சங்கத்தை ஏற்கமாட்டீர்களா என்று கேட்டதற்கு, அது ஒரு மகத்தான கொள்கை என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார். இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 20 அன்று, மாநிலக் காவல்படையும் கம்பெனியின் அடியாட்களும் லட்லோ என்னுமிடத்தில் கூடாரங்களின் மேல் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். சாயங்காலம் கூடாரங்கள் எரிந்தன. குண்டுக்குப் பயந்து ஒரு கூடாரத்துக்கு அடியில் தோண்டிய குழிக்குள் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுமுட்டிச் செத்தார்கள்.

வெண்மணியை நினைக்காமல் ஒரு தமிழ் வாசகரால் இந்த வரியைத் தாண்ட முடியாது. காரில் போகிற கனவான்கள் நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்று நம் உயர்நீதிமன்றம் 1973இல் வியந்ததும் நினைவுக்கு வராமல் போகாது. ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்கப்போவதில்லை. அவர்கள் ஊர்க்காரர்கள், ராக்ஃபெல்லர் ஜூனியர் ஊருக்கு வராதவர், இது பெரிய வித்தியாசம். ஆனால் இரண்டு இடத்திலும் தூரம் ஒரு சாட்சியாகக் கூண்டில் ஏறுகிறது. பிராட்வே ஆபீஸிலிருந்து பவர்ஸுக்குப் போன கடிதங்களை 1915இல் தொழிலுறவு ஆணையம் வெளியிட்டபோது, போகாமலேயே எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கிறார் என்பது தெரிந்தது. பத்து வருஷம் போகாதது அலட்சியத்தால் அல்ல. போகவேண்டிய அவசியம் இல்லாமல் செய்வதற்குத்தான் அந்த ஆபீஸே.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். பேரைச் சரிக்கட்ட ஐவி லீ என்கிற விளம்பரக்காரர் வந்தார். 1913இல்தான் தொடங்கியிருந்த ராக்ஃபெல்லர் ஃபவுண்டேஷன் தொழிலுறவு ஆராய்ச்சி என்று ஒன்றை ஆரம்பித்து, பின்னாளில் கனடாவின் பிரதமரான மெக்கன்சி கிங்கை அதற்கு அமர்த்தியது. 1915இல் ஜூனியர் கடைசியாகக் கொலராடோ போய் சுரங்கத் தொழிலாளிகளின் மனைவிமாரோடு நடனமாடினார். பல்கலைக்கழகம், மருத்துவம், பசுமைப் புரட்சி நெல் என்று அந்த ஃபவுண்டேஷனின் கை நம் வயல்வரைக்கும் நீண்டது. இயக்கத்தில் இருக்கிற நண்பர்கள் பலர் என்ஜிஓ நிதியைப் பற்றி வருஷக்கணக்காக விவாதித்திருக்கிறார்கள். அந்த விவாதத்தில் நன்கொடையை ஒரு பக்கமும் முதலீட்டை ஒரு பக்கமும் வைத்தே பேசிவந்திருக்கிறோம். கேட்ஸுக்கு அந்தப் பிரிவினை இருந்ததில்லை.

1933இல் ஆபீஸ் ராக்ஃபெல்லர் சென்டரின் 56வது மாடிக்கு மாறியது. அதற்குப் பேர் 'அறை 5600'. அதாவது பேரே கிடையாது, ஒரு எண்தான். உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளியார் ஓரளவாவது பார்த்தது 1974இல், நெல்சன் ராக்ஃபெல்லரைத் துணை ஜனாதிபதி ஆக்குவதற்கான விசாரணையின்போதுதான். 1970ஆம் வருஷம் அவர் கூட்டரசுக்கு வருமான வரியாக ஒரு டாலர்கூடக் கட்டவில்லை என்பதும் அப்போது தெரிந்தது. குடும்பத்தின் நிதிகளைப் பார்த்துவந்த டில்வொர்த் என்பவர் அந்த டிசம்பரில் நாடாளுமன்றக் குழுவுக்கு வந்தார். 84 பேருக்குச் சேர்த்து சொத்து மதிப்பு சுமார் 103 கோடி டாலர் என்றார். அதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது அவர் கொடுத்த விளக்கம். இந்தக் குடும்பத்தாருக்கோ அவர்களுடைய ஆலோசகர்களுக்கோ எதையும் கட்டுப்படுத்துவதில் எந்த அக்கறையும் இல்லை என்றார். 84 தனித்தனி மனிதர்கள், அவரவர் வழி அவரவருக்கு. வேடிக்கையைப் பாருங்கள். அதிகாரம் பற்றிக் கேட்டால் குடும்பம் உடனே 84 தனிமனிதர்களாகச் சிதறிவிடுகிறது. கணக்கு எழுதும்போது மறுபடி ஒரே குடும்பமாகச் சேர்ந்துகொள்கிறது. இந்த விரிந்து சுருங்குகிற தன்மைதான் 'குடும்பம்' என்ற சொல்லை மூலதனத்துக்கு இவ்வளவு உகந்ததாக ஆக்குகிறது. 'கம்பெனி' என்ற சொல்லுக்கு இந்த வித்தை தெரியாது.

சட்டம் இந்த வித்தையை எப்படி வாங்கிக்கொண்டது என்பதற்கு ஒரு பிரதியை எடுத்துக்கொள்வோம். 2008 நெருக்கடிக்குப் பிறகு, 2010இல் அமெரிக்கா டாட்-ஃபிராங்க் சட்டம் கொண்டுவந்தது. அடுத்தவர் பணத்தை நிர்வகிக்கிற ஆலோசகர்கள் இன்னும் பலர் பதிவு செய்துகொண்டு சோதனைக்கு உட்பட வேண்டும் என்றது. கூடவே ஃபேமிலி ஆபீஸுக்கு விலக்கும் கொடுத்தது. அப்படியானால் 'குடும்பம்' என்றால் என்ன என்று யாராவது எழுதியாக வேண்டும். பங்குச்சந்தை ஆணையம் 2011இல் எழுதியது. மானிடவியல் மாணவர்கள் படிக்கவேண்டிய விதி அது. ஒரு பொது மூதாதையரின் வழித்தோன்றல்கள் எல்லோரும் குடும்பம். மூதாதையர் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. அவருக்கும் கடைசித் தலைமுறைக்கும் நடுவில் பத்துத் தலைமுறைவரை இருக்கலாம். தத்துப்பிள்ளை, மாற்றான் பிள்ளை, வளர்ப்புப் பிள்ளை சேர்த்தி. அவர்களுடைய கணவன், மனைவி, கல்யாணம் ஆகாமலே மனைவி ஸ்தானத்தில் இருப்பவர் சேர்த்தி. விவாகரத்தாகிப் போனவரும் ஆபீஸின் வாடிக்கையாளராக நீடிக்கலாம். குடும்பத்தின் அறக்கட்டளைகளும் டிரஸ்ட்டுகளும் உண்டு. முக்கிய ஊழியர்களும் உண்டு, ஆனால் குமாஸ்தா வேலையும் செக்ரட்டரி வேலையும் மட்டும் பார்ப்பவர் வரமாட்டார். மூதாதையர் யார் என்பதை ஆபீஸே தேர்ந்துகொள்ளலாம், காலம் போகப்போக மாற்றிக்கொள்ளவும் செய்யலாம்.

ஏழு தலைமுறைக்கு உக்காந்து சாப்பிடலாம் என்று நம்ம ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஆணையம் அதற்கு மேல் மூன்று போட்டுக் கொடுத்திருக்கிறது. பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று எண்ணிக்கொண்டு போனால் பத்துக்கு வெகு முன்னாலேயே நமக்கு வாயில் சொல் தீர்ந்துவிடும். ரத்தம், கல்யாணம், பாசம், சேர்ந்து வாழ்தல், பிரிந்துபோதல் எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிற, எந்த முற்போக்காளரும் பொறாமைப்படத்தக்க தாராளமான குடும்பக் கருத்தாக்கம் இது. குலதெய்வத்தைக்கூட மாற்றிக்கொள்ளலாம் என்கிற அளவுக்குத் தாராளம். நாம் பின்நவீனத்துவத்தில் பேசிய 'திறந்த பிரதி' கடைசியில் யாருக்குக் கிடைத்தது பாருங்கள்.

விலக்குக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஃபேமிலி ஆபீஸ் தன்னை முதலீட்டு ஆலோசகர் என்று பொதுவில் சொல்லிக்கொள்ளக் கூடாது. சொன்னால் சலுகை போய்விடும். அறை 5600இன் பழக்கம் இப்படி விதியாகவே ஆகிவிட்டது.

இதன் விளைவு ஒன்றைப் பத்து வருஷத்தில் பார்த்தோம். பில் ஹ்வாங் என்கிற நியூயார்க் முதலீட்டாளரின் ஹெட்ஜ் ஃபண்ட் 2012இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அவரும் அவருடைய நிறுவனங்களும் 4.4 கோடி டாலர் கட்டிச் சிவில் வழக்கை முடித்தார்கள். வெளியார் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மிச்சத்தை ஃபேமிலி ஆபீஸ் ஆக்கி 'ஆர்ச்சிகாஸ்' என்று பேர் வைத்தார். 'தலைவன்', 'முன்னோடி' என்று பொருள்படும், பைபிளில் கிறிஸ்துவுக்கு வருகிற கிரேக்கச் சொல். (ராக்ஃபெல்லரின் பாதிரியாரிலிருந்து நாம் ரொம்ப தூரம் வந்துவிடவில்லை.) வங்கிகளோடு ஸ்வாப் ஒப்பந்தம் போட்டால் பங்கு வங்கியின் பேரில் இருக்கும், அதன் ஏற்ற இறக்கம் மட்டும் இவர் கணக்கில் வரும். ஒரே பங்கில் எவ்வளவு குவித்திருக்கிறார் என்பது ஒரு வங்கிக்கு இருப்பது இன்னொரு வங்கிக்குத் தெரியாமல் நடந்தது. 2021 மார்ச்சில் சில நாட்களுக்குள் எல்லாம் சரிந்தது. வங்கிகளுக்கு 1000 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், அதில் கிரெடி ஸ்விஸ்ஸுக்கு மட்டும் சுமார் 550 கோடி. ஊழியர்களின் போனஸில் ஒரு பகுதி கட்டாயமாக அந்த ஆபீஸிலேயே முதலீடாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்தது, அதுவும் போனது. குடும்பமாயிற்றே! ஹ்வாங்குக்கு 2024இல் 18 வருஷம் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2021இல் இந்த விலக்கைக் குறுக்க ஒரு மசோதா வந்து, குழுவைத் தாண்டி, சட்டமாகாமல் நின்றுபோனது.

இந்தத் துறையைப் பற்றி நல்ல புத்தகங்கள் வந்திருக்கின்றன. ப்ரூக் ஹாரிங்டன் என்கிற சமூகவியலாளர் சொத்து மேலாளருக்கான படிப்பையே படித்துப் பட்டயம் வாங்கிக்கொண்டு உள்ளே போய், 2016இல் 'கேப்பிடல் விதவுட் பார்டர்ஸ்' எழுதினார். சக் காலின்ஸ் பெரிய இறைச்சிக் கம்பெனிக் குடும்பத்தில் பிறந்து, தன் பங்கை 26 வயதில் கொடுத்துவிட்டவர். அவருடைய 'தி வெல்த் ஹோர்டர்ஸ்' 2021இல் வந்தது. இரண்டிலிருந்தும் நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் இவற்றைப் படித்துவிட்டு நாம் போடுகிற கோஷத்தில் எனக்குச் சிக்கல் இருக்கிறது. பதுக்கல், மறைப்பு, பட்டியலை வெளியிடு, கறுப்புப் பணத்தைக் கொண்டுவா என்கிறோம். வெளிச்சம் போட்டால் கரப்பான்பூச்சி ஓடிவிடும் என்கிற நம்பிக்கை இது. நான் மேலே எடுத்துக்காட்டிய விதியை யாரும் மறைத்துவைக்கவில்லை. அச்சில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். குடும்ப விஷயத்தில் அரசு மூக்கை நுழைக்கக் கூடாது என்று நாம் எல்லோருமே, இடதுசாரிகள் உட்பட, மனசுக்குள் ஒத்துக்கொண்டிருப்பதால்தான் அந்த விதி எந்தக் கூச்சமும் இல்லாமல் பகலில் நடமாடுகிறது. மெலிண்டா கூப்பர் 2017இல் எழுதிய 'ஃபேமிலி வேல்யூஸ்' இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. சந்தைவாதிகளும் பழமைவாதிகளும் சண்டைக்காரர்கள் அல்ல, குடும்பம் என்கிற திண்ணையில் ஒன்றாக உட்கார்ந்திருப்பவர்கள் என்று காட்டுகிறார். நம்முடைய 'குடும்ப ஆட்சி' என்ற வசவையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம். அரசுக்குள் குடும்பம் வந்துவிட்டது என்று கோபப்படுகிறோம். ஆட்சி குடும்பத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும்போது நமக்கு வசவுச் சொல்கூட இல்லை.

தம்பியிடம் திரும்பி வருகிறேன். சிங்கப்பூரில் வரிச்சலுகை பெற்ற ஃபேமிலி ஆபீஸ்கள் 2020 முடிவில் 400. 2024 முடிவில் 2000ஐத் தாண்டிவிட்டன. 2023இல் இறுக்கிய நிபந்தனைப்படி சலுகையின் கீழ்ப்படிக்குக் குறைந்தது 2 கோடி சிங்கப்பூர் டாலர் நிர்வாகத்தில் இருக்க வேண்டும். முதலீட்டு நிபுணர் இரண்டு பேரை வைத்துக்கொள்ள வேண்டும், அதில் ஒருவராவது குடும்பத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். அதாவது இன்னொருவர் குடும்பத்து ஆளாகவே இருக்கலாம். தன் சொத்தைத் தானே பார்த்துக்கொள்வது ஒரு வேலை, அந்த வேலைக்கு விசா, விசாவுக்குப் பின்னால் மனைவி மக்கள். 20 கோடி டாலர் நிர்வாகத்தில் இருந்து, அதில் 5 கோடியை அரசு சொல்கிற வகைகளில் போட்டால் நிரந்தரவாசத்துக்கே விண்ணப்பிக்கலாம். அதே 2023 ஆகஸ்டில் பெரிய பணமோசடி வழக்கில் வெளிநாட்டார் பத்துப்பேர் கைதானார்கள். முடக்கப்பட்ட சொத்து 300 கோடி டாலருக்கு மேல் போனது. அவர்களில் ஒருவருக்கோ பலருக்கோ சலுகை பெற்ற ஃபேமிலி ஆபீஸோடு தொடர்பு இருக்கலாம் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொல்ல வேண்டிவந்தது.

என் தம்பி வைத்திருப்பது ஒர்க் பெர்மிட். அதை வைத்திருப்பவர் மனைவியையோ பிள்ளையையோ உடன் தங்கக் கூட்டிவர முடியாது. வேறு வகை பாஸும், மாதம் 6000 டாலராவது சம்பளமும் இருப்பவருக்குத்தான் அந்த உரிமை. பெர்மிட்டோடு வருகிற 2012ஆம் வருஷ விதிகளைத் தேடிப் படித்தேன். சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ அனுமதி இல்லாமல் கல்யாணம் செய்யக் கூடாது, பெர்மிட் முடிந்த பிறகும் கூடாது. அனுமதி பெற்று அப்படிக் கல்யாணம் செய்துகொண்டவள் தவிர, பெண் தொழிலாளி அங்கே கர்ப்பம் ஆகக் கூடாது, பிள்ளை பெறக் கூடாது. இவையெல்லாம் தெரிந்ததுதான். என்னை நிறுத்தியது இன்னொரு வாசகம். ஒழுக்கக்கேடான காரியங்களில் ஈடுபடக் கூடாது என்கிற நிபந்தனைக்கு உதாரணமாக, சிங்கப்பூரில் உள்ள குடும்பங்களை உடைப்பதைச் சொல்கிறது. தொழிலாளியின் பிரதியில் 'குடும்பம்' இப்படித்தான் வருகிறது. அவன் உடைத்துவிடக்கூடிய, அடுத்தவருடைய ஒரு பொருளாக. அவன் குடும்பம் இரண்டு நாட்டில் இரண்டு துண்டாகக் கிடப்பது எந்த விதியிலும் உடைப்பு ஆகாது.

இரண்டு பிரதிகளும் வேறுவேறு நாட்டவை என்று ஒரு நண்பர் ஆட்சேபித்தார். நியாயம். பத்துத் தலைமுறை விதி அமெரிக்காவுடையது. சிங்கப்பூருக்கு அதன் சொந்த வரையறை இருக்கிறது. ஆனால் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே சொல்லை வைத்து, ஒரு பக்கம் அதை விரித்துக்கொண்டே போவதும் மறுபக்கம் அதை ஒரு தனியாளாகச் சுருக்குவதும் ஒரே சிங்கப்பூருக்குள்ளேயே நடக்கிறது. ஒரு பக்கம் பணத்துக்குக் குடும்பம் இருக்கிறது, மறுபக்கம் உழைப்புக்கு இல்லை.

போன மாதம் தம்பி கூப்பிட்டபோது இதையெல்லாம் எனக்குத் தெரிந்தமட்டில் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டான். "அந்த மாடி முடிஞ்சுபோச்சுண்ணே. நாலே நாலு மேசைதான். இன்னும் ஆளு வரல" என்றான். இப்போது துவாஸ் பக்கம் வேறு சைட்டாம். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு தாளில் அப்பா கையெழுத்து வேண்டும் என்கிறார்களாம். தாளைத் தபாலில்தான் அனுப்ப வேண்டுமா, கையெழுத்துப் போட்டு போனில் போட்டோ எடுத்து அனுப்பினால் ஒத்துக்கொள்வார்களா என்று விசாரித்துச் சொல்லச் சொன்னான்.